நேபாள ஊழியப் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

சென்ற மே மாதம் பன்னிரண்டு நாள் கிறிஸ்தவ ஊழியப் பயணமாக நேபாளம் போய் வந்தேன். தலைக்கு 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அழைத்துச் சென்ற அமைப்பு எங்களை ஏமாற்றியது. எங்களை வைத்து வேறு பலரையும் ஏமாற்றியது. முதலாவதை நான் பொறுத்துக்கொள்வேன். இரண்டாவதைப் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அமைப்பின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் எங்கள் வட்டாரச் சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இங்கே பெயர் போடவில்லை.

நான் செவிலியர். ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். லூதியானாவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்ததால் இந்தி நன்றாகப் பேசுவேன். எங்கள் குழுவில் பதினான்கு பேர்; இந்தி தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது தெரியாமல் இருந்திருந்தால் நானும் மனநிறைவோடு திரும்பி வந்து சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் ஊழியத்துக்கு என்று கேட்டால் மக்கள் கணக்குப் பார்ப்பதில்லை. 1903இலேயே சொந்தக் காசில் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பிய சபையாரின் வழிவந்தவர்கள் நாங்கள். உலையில் போட அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போடும் வழக்கம் என் அம்மா காலம் வரை எங்கள் வீட்டில் இருந்தது. நான் கட்டிய பணத்தில் 40,000 என் சேமிப்பு. மீதி 28,000 ரூபாயைப் பத்தொன்பது பேர் கொடுத்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாயார் 500 ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து என் கையில் வைத்தார். யாருடைய பணம் இது என்பதை அந்த அமைப்பு நன்றாகவே அறிந்திருந்தது.

சென்னையிலிருந்து காத்மாண்டுக்கு விமானம், தங்குமிடம், சாப்பாடு, பயணக் காப்பீடு எல்லாம் சேர்த்துத்தான் 68,000 என்று பேச்சு. புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, விமான டிக்கெட் கிடைக்கவில்லை, ரயிலில் போகிறோம் என்றார்கள். இரண்டாம் வகுப்புப் படுக்கை வண்டியில் கோரக்பூர் வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி சுனௌலி எல்லைக்குப் போனோம். கட்டண வித்தியாசம் எங்கே என்று கேட்டபோது, "ஊழியத்தில் சொகுசு தேடக் கூடாது சகோதரி" என்றார் அமைப்பின் தலைவர். அவரும் அவருடைய மனைவியும் எங்களுக்கு முன்பே விமானத்தில் போய்க் காத்மாண்டில் இறங்கியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ரசீதை எடுத்து நிதானமாகப் படித்தேன். பயணக் கட்டணம் என்ற சொல்லே அதில் இல்லை. "ஊழியக் காணிக்கை, திருப்பித் தரப்படமாட்டாது" என்று அச்சிட்டிருந்தது. வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினேன். கட்டணம் என்றிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். காணிக்கை என்று எழுதி வாங்கியிருப்பதால் வழக்கு பலவீனம் என்றார். நம்முடைய பக்திச் சொல்லையே நமக்கு எதிரான சட்டப் பூட்டாக மாற்றி வைத்திருக்கிறார்கள். பணம் கொடுக்கும் அன்றைக்கே ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கூச்சப்படாதீர்கள்.

ஆதார் அட்டை போதும் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அது தவறு. இந்தியர்களுக்கு நேபாளத்தில் விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருக்க வேண்டும். 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆதார் பயண ஆவணம் ஆகாது. குழுவில் இரண்டு பேரிடம் ஆதார் மட்டுமே இருந்தது. எல்லை தாண்டிய பிறகு ஒரு சோதனைச் சாவடியில் அவர்களை இறக்கிவிட்டார்கள். மூன்று மணி நேரம் வெயிலில் நின்றோம். மற்ற பன்னிரண்டு பேரின் பாஸ்போர்ட்டுகளையும் வாக்காளர் அட்டைகளையும் "பாதுகாப்புக்காக" என்று சொல்லித் தலைவரின் உதவியாளர் கோரக்பூரிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பும் நாள் வரை தரவில்லை. நடுவில் கிளம்பி வந்துவிடலாம் என்று நான் நினைத்தபோது என் அடையாள ஆவணம் என்னிடம் இல்லை. இதைப் போன்ற தவறை நீங்கள் செய்யாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

சென்னையில் ஏறும்போது ஆளுக்கொரு தைத்த மூட்டை கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் மருந்தும் என்றார்கள். சித்வன் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் அதைப் பிரித்தபோது மேலே இரண்டு அடுக்குத்தான் நோட்டு. கீழே முழுவதும் நேபாளியில் அச்சிட்ட நற்செய்திக் கைப்பிரதிகள்.

இதன் கனம் புரிய அந்த நாட்டுச் சட்டம் தெரிய வேண்டும். 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவின்படி, மதம் மாற்றினாலோ அதற்கு முயன்றாலோ அந்த நோக்கத்தோடு பரப்பினாலோ ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நம் பணத்தில் 31,250 ரூபாய். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடு கடத்துவார்கள். அந்தச் சட்டம் சரியா தவறா என்பது வேறு பேச்சு. எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் ஆபத்து இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வருவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்திருப்போம். மூட்டையைத் தைத்துக் கொடுத்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

எங்களைவிடப் பெரிய ஆபத்து உள்ளூர்ச் சபைக்கு. நேபாளத்தில் ஞாயிறு வேலை நாளாக இருந்து வந்ததால் அங்கே கிறிஸ்தவர்கள் சனிக்கிழமை ஆராதிக்கிறார்கள். தகரக் கூரை போட்ட ஓர் அறை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமாகத் தரையில் அமர்ந்திருந்தார்கள். "ஜெய் மசீஹ்" என்று கைகூப்பி வரவேற்றார்கள். மதியம் பருப்பும் சோறும் கீரையும் போட்டார்கள். அந்தச் சபையின் போதகருக்கு நாங்கள் வருவது தெரியும். கைப்பிரதி கொண்டு வருவது தெரியாது. மூட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. 2016இல் நேபாளத்தின் சரிகோட் என்ற ஊரில் பிள்ளைகளுக்கு இயேசுவைப் பற்றிய சித்திரக்கதைப் புத்தகம் கொடுத்த விவகாரத்தில் எட்டுப் பேர் கைதாகி, மாதக் கணக்கில் வழக்கை நடத்தித்தான் விடுதலையானதை அவர் என்னிடம் இந்தியில் சொன்னார். "தீதி (அக்கா), நீங்கள் அடுத்த வாரம் உங்கள் வீட்டில் இருப்பீர்கள். நான் இங்கேதான் இருக்க வேண்டும்" என்றார். தலைவரிடம் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "விசுவாசம் குறைந்த மனிதர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, இளைஞர்கள் நான்கு பேரைக் கைப்பிரதிகளோடு கடைத்தெருவுக்கு அனுப்பினார். மறுநாள் அந்தப் போதகரைப் போலீஸ் அழைத்துப்போய் மாலை வரை விசாரித்தது. அதற்குள் எங்களை வேறு ஊருக்கு நகர்த்திவிட்டார்கள். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு இரண்டு முறை அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள்.

மருத்துவ முகாமைப் பற்றிச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு டாக்டர்கள் வருவார்கள் என்றார்கள், ஒருவரும் வரவில்லை. வெளிநாட்டு மருத்துவர்கள் அங்கே சிகிச்சை அளிக்க வேண்டுமானால் நேபாள மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு தேவை. செவிலியர்களுக்கும் தனிக் கவுன்சில் இருக்கிறது. எந்தப் பதிவும் வாங்கியிருக்கவில்லை. நான் இரத்த அழுத்தம் மட்டும் பார்த்து, அதிகமாக இருந்தவர்களை அரசு சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன். அடுத்த மேசையில் கல்லூரி மாணவர் ஒருவர் இருமல் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஐந்து ஐந்தாக அமாக்சிசிலின் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வாமை உண்டா என்று ஒருவரையும் கேட்கவில்லை. நான் போய்த் தடுத்தேன். அன்றிலிருந்து குழுவில் எனக்குக் "கலகக்காரி" என்று பெயர்.

முகாம் முடிவில் ஒரு ஜெபம். மேடையில் தலைவர் தமிழில், "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார். மொழிபெயர்ப்பாளராக வந்தவர் நேபாளியில் சொன்னது வேறு. நேபாளியில் பிராமி என்றால் நோயாளி. இந்தியின் பீமார் போலத்தான். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் கை தூக்குங்கள், ஜெபிப்போம் என்று அவர் கேட்டார். ஏறக்குறைய எல்லாரும் கை தூக்கினார்கள். நோயாளி இல்லாத வீடு எது? படம் எடுத்துக்கொண்டார்கள். அமைப்பின் அறிக்கையில் அந்தப் படத்தின் கீழே, இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் என்ற பொருளில் "47 ஆத்துமாக்கள்" என்று வந்தது. என் பக்கத்தில் நின்ற அக்கா கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல அன்றைக்கு எனக்கு நா எழவில்லை.

கடைசி மூன்று நாள் காத்மாண்டு புறநகரில் ஒரு பிள்ளைகள் இல்லம். மாதம் 2,500 ரூபாய் அனுப்பி ஒரு பிள்ளையைத் தாங்கும் திட்டத்தில் மூன்று வருடமாக நான் இருந்தேன். என்னிடம் இருந்த அட்டையில் பத்து வயதுப் பெண் குழந்தையின் படம். தாய் தந்தை இருவரும் இல்லை என்று எழுதியிருந்தது. அவளைப் பார்க்கப் போகிறேன் என்பதே இந்தப் பயணத்துக்கு நான் சம்மதிக்க முக்கியக் காரணம். பஸ்ஸில் போகும்போது சாயர்புரத்து அக்கா ஒருவர் தன் அட்டையை எடுத்துக் காட்டினார். அதே குழந்தை. பெயர் மட்டும் வேறு.

பிள்ளைகள் இந்தித் தொலைக்காட்சி பார்த்துப் பார்த்து இந்தி பேசுகிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். அட்டைகளில் இருந்த இரண்டு பெயர்களுமே அவளுடையவை அல்ல. நேபாளியில் ஆமா என்றால் அம்மா, புவா என்றால் அப்பா. ஆமா ஜும்லாவில் இருக்கிறாள், புவா மலேசியாவில் வேலை பார்க்கிறார் என்றாள். ஊரிலிருந்து ஒருவர் படிக்கவைக்கிறேன் என்று கூட்டிவந்தாராம். அதற்கு அப்பா அவரிடம் பணமும் கொடுத்தாராம். வந்து நான்கு வருடம். "நீங்கள் ஜும்லா போவீர்களா தீதி?" என்று கேட்டாள். ஜும்லா எங்கே இருக்கிறதென்றே அன்றைக்கு எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து தேடிப் படித்தபோது, இது அந்த நாட்டில் பல ஆண்டுகளாக நடப்பது என்று தெரிந்தது. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம், படிக்கவைக்கிறோம் என்று சொல்லித் தரகர்கள் ஹும்லா, ஜும்லா போன்ற மேற்கு மலை மாவட்டங்களிலிருந்து காத்மாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெற்றோர் இறந்துவிட்டதாகப் போலிச் சான்றிதழ்கள் தயாரானதும் பதிவாகியிருக்கிறது. போர் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. இல்லங்கள் பெரும்பாலும் ஏழை மாவட்டங்களில் இல்லை. காத்மாண்டு, போக்ரா, சித்வன் என்று வெளிநாட்டவர் வந்துபோகும் இடங்களில்தான் குவிந்து கிடக்கின்றன. பிள்ளை அங்கே இருந்தால்தான் நம்மைப் போன்றவர்கள் பார்க்க வருவோம், பணம் அனுப்புவோம். என் 2,500 ரூபாய் அந்தப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைக்கும் கூலியாகத்தான் மூன்று வருடமும் போயிருக்கிறது. அதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

நேபாளத்துக்கு ஊழியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1954இல் தொடங்கிய நேபாள ஐக்கிய மிஷன், அரசின் அனுமதியோடு தான்சேனில் மருத்துவமனை நடத்திப் பெயர் பெற்றது. அப்படிப்பட்ட இடங்களுக்கு முறையான பதிவோடு போய் மாதக் கணக்கில் வேலை செய்கிறவர்கள் உண்டு. பன்னிரண்டு நாளில் போய்ப் படம் எடுத்துத் திரும்புவதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. யாராவது உங்களை அழைத்தால், எங்களை அழைக்கும் உள்ளூர்ப் போதகரோடு ஒரு முறை நேரடியாகப் பேச வேண்டும், போனில் இணைத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இல்லத்துக்குப் போவது நிகழ்ச்சியில் இருந்தால் போகாதீர்கள். நீங்கள் கட்டாத மூட்டையைத் தூக்காதீர்கள்.

அமைப்புக்கு மூன்று கடிதங்கள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு, அபிஷேகம் பெற்றவர்களுக்கு விரோதமாகப் பேசக் கூடாது என்ற பொருளில் ஒரு சங்கீத வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கணக்கு அனுப்பவில்லை. பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த இல்லத்தின் முகவரி, இரண்டு அட்டைகளின் நகல், அவள் சொன்ன ஊர் விவரம் எல்லாவற்றையும் நேபாளத்தின் தேசியக் குழந்தை உரிமைகள் கவுன்சிலுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பணம் தந்த பத்தொன்பது பேர் வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினொரு பேருக்கு இதுவரை திருப்பிக் கொடுத்துவிட்டேன். பீடி சுற்றும் அந்தத் தாயார் பணத்தை வாங்க மறுத்து, அந்தப் போதகருக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் பயணத்துக்கு இப்போது ஆள் சேர்க்கிறார்கள். கட்டணம் 74,000 ரூபாய் என்று தூத்துக்குடி, நாகர்கோவில் சபைகளில் நோட்டீஸ் கொடுத்துவருகிறார்கள். அந்த நோட்டீஸில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, கீழே "டாக்டர் சகோதரி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். படத்தில் இருப்பது நான். நான் டாக்டர் இல்லை. என்னிடம் கேட்காமல் போட்ட படம் அது. அதை நம்பி முன்பணம் கட்டியிருப்பவர்கள் இன்றைக்கே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். சாட்சிக்கு நான் வருகிறேன்.