ஒரே உறை, இரண்டு சிடி: பிக் பாய் பக்கமா, ஆன்ட்ரே பக்கமா?

2003 செப்டம்பர் 23 அன்று அமெரிக்க ஹிப் ஹாப் ஜோடியான அவுட்காஸ்ட் வெளியிட்டதை ஒரு ஆல்பம் என்று சொல்வதே கொஞ்சம் தாராள மனசுதான். உறை ஒன்று, உள்ளே சிடி இரண்டு. பிக் பாயின் பங்கு 'ஸ்பீக்கர்பாக்ஸ்'. ஆன்ட்ரே 3000இன் பங்கு 'தி லவ் பிலோ'. அமெரிக்காவின் தெற்கில் உள்ள அட்லாண்டாவில் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாக ராப் செய்தவர்கள், கதவிலக்கத்தை மாற்றாமல் உள்ளே சுவர் வைத்துத் தனித்தனியாக அடுப்பு மூட்டிய மாதிரி. அன்றிலிருந்து ரசிகர்களிடையே ஓயாத வழக்கு: இரண்டில் எது உசத்தி?

ஊர் தீர்ப்பு 'லவ் பிலோ'வுக்கு. என் ஓட்டு 'ஸ்பீக்கர்பாக்ஸு'க்கு. ஆனால் அங்கே வந்து சேர எனக்குச் சில வருஷம் பிடித்தது.

முதலில் பிரிவினைக் கதை. பாரிஸில் காதல் தேடி அலையும் ஒருவனைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் ஆன்ட்ரேவுக்கு இருந்தது. அதை மனதில் வைத்துச் செய்த பாட்டுகள்தான் 'லவ் பிலோ'வுக்கு விதை. ராப்பை ஓரம் வைத்துவிட்டு கிடாரைக் கையில் எடுத்தார், பாடத் தொடங்கினார். பிக் பாய் தன் தனி ஆல்பத்துக்கான வேலையில் இறங்கினார். கடைசியில் இரண்டும் அவுட்காஸ்ட் என்ற ஒரே பெயரில் கடைக்கு வந்தன. 2000இல் வந்த இவர்களின் முந்தைய ஆல்பம் 'ஸ்டாங்கோனியா'வில் ஒருவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவர் மைக்கைப் பிடிப்பார். இங்கே அது அபூர்வம்.

ஆன்ட்ரே பக்கத்தின் துருப்புச்சீட்டு 'ஹே யா!'. உலகமே கல்யாண மண்டபத்தில் போட்டு ஆடும் இந்தப் பாட்டு, காதல் ஏன் நிலைப்பதில்லை என்று புலம்பும் பாட்டு. வரிகளைக் கவனித்தவர்கள் குறைவு. தாளத்தைக் கவனித்தவர்கள் அதைவிடக் குறைவு. கையில் தாளம் போட்டுப் பாருங்கள். நான்கு நான்காக மூன்று முறை போகும், அடுத்து இரண்டே எண்ணிக்கையில் வெடுக்கென்று ஒரு திருப்பம், பிறகு மறுபடியும் நான்கு நான்காக இரண்டு முறை. மொத்தம் 22 எண்ணிக்கை, அப்புறம் முதலிலிருந்து சுற்றும். பாப் பாட்டுக்கு இது கோணல் கணக்கு. அந்த இரண்டு எண்ணிக்கை இடத்தில் பாட்டு நம் கையை விட்டு ஓடப் பார்க்கிற மாதிரி ஒரு துள்ளல் வரும். நான்கே நான்கு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டை) வைத்துக்கொண்டு இதைச் செய்த மனிதரை என்னவென்று சொல்வது!

ஆனால் அது ஒரு பாட்டு. சிடி ஓடுவது ஏறத்தாழ 78 நிமிடம். பழைய கால மதுக்கூடப் பாடகர் போலத் தந்தி வாத்தியங்களோடு ஆரம்பிக்கிறார். கடவுளைப் பெண்ணாக விளித்து, நல்ல துணை ஒன்று வேண்டும் என்று கேட்கும் குட்டி உரையாடல் ஒன்று வருகிறது, நிஜமாகவே சிரிப்பு வரும். 'புரோட்டோடைப்' இரவில் தனியாகக் கேட்க வேண்டிய பாட்டு. பாடகி நோரா ஜோன்ஸுடன் கிடாரை மட்டும் வைத்து ஒரு பாட்டு, பூனை நடக்கிற மாதிரி சத்தமே இல்லாமல் கடந்துபோகும். இவற்றுக்கு நடுவே பாடகர் பிரின்ஸின் நிழல் விழுந்த, யோசனையாக மட்டும் நின்றுவிட்ட சரக்கும் நிறைய. இரண்டாம் பாதியில் என் விரல் தானாக அடுத்த டிராக்குக்குப் போய்விடுகிறது. இவ்வளவையும் தாண்டி கடைசி டிராக்குக்கு வந்தால், கோரஸே இல்லாமல் ஐந்து நிமிடம் தன் வாழ்க்கையை ராப்பில் கொட்டுகிறார். அவர் தலைமுறையின் மிகச் சிறந்த ராப்பர்களில் ஒருவர், தன் சொந்த சிடியில் நம்மை அவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்.

பிக் பாய் பக்கம் எனக்கு முதலில் சப்பென்று இருந்தது. தப்பு என் லேப்டாப் ஸ்பீக்கரில். ஒருநாள் இரவு நண்பன் காரில் கேட்டேன். டிக்கியில் பெரிய வூஃபர் வைத்திருந்தான். 'தி வே யூ மூவ்' ஆரம்பித்ததும் 808 டிரம் மெஷினின் பேஸ் முதலில் சீட்டுக்கு அடியில் வந்தது, காதுக்கு அப்புறம்தான். பின்பக்கக் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அதிர்வின் மேல் பிக் பாய் பல்லாங்குழி சோழி போடுகிற மாதிரி அசைகளை ஒவ்வொன்றாக, ஒன்றுகூடத் தவறாமல் போட்டுக்கொண்டே போகிறார். கோரஸ் வந்ததும் எல்லாம் திறந்துகொள்கிறது. பித்தளை வாத்தியங்கள் ஒலிக்க, ஸ்லீப்பி பிரவுன் பழைய சோல் பாடகர் தோரணையில் மேலே மிதக்கிறார். ஆல்பத்தின் பெயர் ஏன் ஸ்பீக்கர் பெட்டி என்று அப்போது விளங்கியது. அமெரிக்கத் தெற்கில் காரில் வளர்ந்த இசை இது. காருக்கு வெளியே அதை எடைபோடுவது, பந்தியில் உட்காராமல் சாப்பாட்டுக்கு மார்க் போடுவது மாதிரி.

இந்த சிடி 56 நிமிடத்தில் முடிந்துவிடும். 'சர்ச்'சில் கோஸ்பல் எனும் தேவாலயப் பாட்டுக் குழுவின் ஆர்ப்பரிப்பு. இராக் போர் தொடங்கிய வருஷத்தில் வந்த 'வார்' நேரடி அரசியல். ஜே-ஸி, கில்லர் மைக், லூடகிரிஸ், சீலோ என்று விருந்தாளிகள் வரிசையாக வருகிறார்கள். பின்பகுதியில் கூட்டம் கொஞ்சம் அதிகம்தான், லில் ஜான் கத்தும் 'லாஸ்ட் கால்' இல்லாமலே சமாளித்திருக்கலாம். ஆனாலும் முதல் பத்துப் பாட்டில் கை வைக்க இடமில்லை. பிக் பாய் சாதாரணமானவர், ஆன்ட்ரேதான் மேதை என்று ஒரு பேச்சு உண்டு. ஆடம்பர உடையும் இறகுத் தொப்பியும் போடாத ஆளுக்கு மேதைப் பட்டம் தாமதமாகத்தான் வரும் போல.

சுவரில் ஓட்டைகளும் உண்டு, சுவாரசியமே அங்கேதான். 'ஸ்பீக்கர்பாக்ஸின்' அறிமுகம் முடிந்ததும் தலைதெறிக்க ஓடி, திடீரென்று பாடகி பேட்டி லபெல் குரலில் நிதானமாகி, மறுபடியும் பாயும் 'கெட்டோ மியூசிக்'கைத் தயாரித்தவர் ஆன்ட்ரே. 'லவ் பிலோ'வில் கர்வம் பிடித்த பெண்ணைக் கிண்டல் செய்யும் 'ரோஸஸ்' பாட்டுக்குள் பிக் பாய் வந்து ராப் செய்கிறார். இரண்டு சிடியிலும் நான் அதிகம் கேட்டவை இந்த இரண்டும்தான்.

விற்பனையில் யார் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. முதல் வாரமே ஐந்து லட்சத்துக்கு மேல் விற்று அமெரிக்கத் தரவரிசையான பில்போர்டில் முதலிடம். பிறகு டயமண்ட் சான்றிதழ், அதாவது கணக்குப்படி ஒரு கோடிக்கு மேல். இரட்டை ஆல்பத்தில் ஒவ்வொரு சிடியையும் தனியாக எண்ணுவார்கள் என்பதால் உண்மையில் கைமாறிய பெட்டிகள் அதில் பாதி. 2004 பிப்ரவரியில் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' கிராமி. 1999இல் பாடகி லாரின் ஹில்லுக்குக் கிடைத்த பிறகு ஹிப் ஹாப் அந்த விருதைத் தொட்டது இரண்டாவது முறை. 1995இல் நியூயார்க்கில் ஒரு விருது மேடையில் கூட்டம் இவர்களைக் கேலிக் கூச்சலிட்டு வரவேற்றபோது, தெற்கத்திக்காரர்களிடமும் சொல்ல விஷயம் இருக்கிறது என்று ஆன்ட்ரே பதில் சொல்லிவிட்டு இறங்கினார். விஷயத்தைச் சொல்லி முடிக்க ஒன்பது வருஷம் ஆனது.

புதிதாகக் கேட்பவர் என்றால், ராப் பழக்கமில்லாதவர் 'லவ் பிலோ'வில் ஐந்தாறு பாட்டைப் பொறுக்கிக்கொள்ளலாம். ராப் பிடித்தவர் 'ஸ்பீக்கர்பாக்ஸை' முதலிலிருந்து ஓடவிடலாம், முடிந்தால் காரில். ஆன்ட்ரே அப்புறம் எங்கே போனார் என்று கேட்டால், 2023இல் ராப்பே இல்லாத புல்லாங்குழல் ஆல்பம் ஒன்று போட்டார். 'லவ் பிலோ' கேட்டவர்களுக்கு அதில் பெரிய அதிர்ச்சி இருந்திருக்காது.

'ஹே யா!' அமெரிக்கத் தரவரிசையில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. பத்தாவது வாரம் அதைக் கீழே இறக்கிய பாட்டு 'தி வே யூ மூவ்'. அது நின்றது ஒரே ஒரு வாரம்.