எட்டுப் பெயர்களும் ஒரு மே மாதமும்: ஐ.நா.வின் தென் சூடான் தடைப் பட்டியல் சேவை குறித்து

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். ஐ.நா. பாதுகாப்பு அவை இணையத்தில் கட்டணமின்றி நடத்திவரும் ஒரு சேவையை ஏழு ஆண்டுகளாக ஏறத்தாழ நாள்தோறும் திறந்து பார்க்கிறேன். தடை விதிக்கப்பட்டவர்களின் ஒருங்கிணைந்த பட்டியல், ஒவ்வொரு நாட்டுக்குமான தடைக் குழுவின் தனிப்பக்கம், அந்தக் குழுவுக்கு உதவும் நிபுணர்களின் அறிக்கைகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்தச் சேவை. எங்கள் சரக்கில் சிறு பங்கு கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி, உகாண்டா வழியாக நிமுலே எல்லையைக் கடந்து தென் சூடான் தலைநகர் ஜூபாவுக்குப் போவதால், தென் சூடான் பக்கம்தான் எனக்கு மிகவும் பழக்கமானது. அந்நாட்டின் மீதான தடைகள் 2025 மே 30 அன்று மேலும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதை ஒட்டி, இந்தச் சேவை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பயன்படுத்துபவன் கோணத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 ஜூலை 9 அன்று விடுதலை பெற்ற தென் சூடானில், அதிபர் சல்வா கீருக்கும் முன்னாள் துணை அதிபர் ரியெக் மச்சாருக்கும் இடையிலான பகை 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போராக வெடித்தது. பாதுகாப்பு அவை 2015 மார்ச் 3 அன்று நிறைவேற்றிய 2206ஆம் தீர்மானம், அமைதிக்குக் குறுக்கே நிற்பவர்கள் மீது பயணத் தடையும் சொத்து முடக்கமும் விதிப்பதற்கான ஏற்பாட்டைச் செய்தது. ஆயுதத் தடைக்கு மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. 2016 டிசம்பரில் அதற்கான வரைவுக்கு ஏழு வாக்குகளே கிடைத்தன. எட்டு நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றதால் அது விழுந்தது. 2018 ஜூலை 13 அன்று 2428ஆம் தீர்மானம் ஒன்பது வாக்குகளோடு கரையேறியது. பதினைந்து உறுப்பினர் கொண்ட அவையில் ஒரு தீர்மானம் நிறைவேற ஒன்பது வாக்குகளாவது வேண்டும் என்பதால், ஒன்று குறைந்திருந்தாலும் அந்தத் தடை பிறந்தே இருக்காது.

பட்டியலின் நிறைகளை முதலில் சொல்வதே முறை. அது பிடிஎஃப், எக்ஸ்எம்எல், எச்டிஎம்எல் ஆகிய வடிவங்களில் கிடைக்கிறது. கணக்குத் திறக்கவோ கடவுச்சொல் வைக்கவோ தேவையில்லை. பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான குறியீட்டு எண் உண்டு. தென் சூடான் பதிவுகள் 'எஸ்எஸ்ஐ' என்ற எழுத்துகளோடு தொடங்கும். பெயருக்குக் கீழே பதவி, பிறந்த நாள், பிறந்த ஊர், கடவுச்சீட்டு எண், மாற்றுப் பெயர்கள் ஆகியவை வரிசையாக வருகின்றன. மாற்றுப் பெயர்களை 'நல்ல தரம்', 'குறைந்த தரம்' என்று பிரித்திருப்பது, கட்டணம் வாங்கும் பல மென்பொருள்களில்கூட நான் காணாத நேர்மை. ஒருவர் ஏன் சேர்க்கப்பட்டார் என்ற காரணச் சுருக்கமும் தனியாகக் கிடைக்கிறது. முன்னாள் படைத் தலைமைத் தளபதி பால் மலோங் அவானின் பதிவைத் திறந்து பாருங்கள்: ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிறந்த நாள்களைப் பட்டியல் ஒளிக்காமல் அடுக்கி வைத்திருக்கிறது. ஆளின் அடையாளமே உறுதியில்லாத இடத்தில், உறுதியில்லாததை உறுதியில்லாததாகவே காட்டுவது நல்ல பழக்கம்.

இந்த விவரங்களின் அருமை ஒருமுறை எனக்கு நன்றாகவே புரிந்தது. ஜூபாவில் உள்ள ஒரு மருந்து வணிகருக்கு நாங்கள் அனுப்பிய சேலைன், நோயெதிர்ப்பு மருந்துப் பெட்டிகளுக்கான பணம், பெயர் ஒப்பீட்டில் சிக்கி ஒரு வங்கியில் பதினோரு நாள்கள் நின்றுவிட்டது. தென் சூடானில் ஒருவரின் முழுப்பெயர் என்பது பெரும்பாலும் அவருடைய பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர் என மூன்றும் சேர்ந்தது. டெங், மலோங், ரியாக் போன்ற பெயர்களை ஆயிரக்கணக்கானோர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வணிகரின் மூன்று பெயர்களில் இரண்டு பட்டியலில் உள்ள ஒருவரோடு ஒத்துப்போயின. வங்கிக் கிளையில் இருந்தவரோ, "சார், சிஸ்டம் சிவப்புக் காட்டுகிறது, நான் என்ன செய்ய?" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறந்த ஆண்டையும் கடவுச்சீட்டு எண்ணையும் ஐ.நா. பதிவோடு பக்கத்தில் பக்கம் வைத்து, வேறுபாடுகளை மஞ்சள் மையால் கோடிட்டு மேலிடத்துக்கு அனுப்பிய பிறகே பணம் விடுபட்டது. அந்த நேரத்தில் பட்டியல்தான் எங்களைக் காப்பாற்றியது. சிக்கல், அதைப் பாதி மட்டும் படித்த மென்பொருளில் இருந்தது.

ஆனால் பட்டியலால் விடை சொல்ல முடியாத இன்னொரு கேள்வி இருக்கிறது. என் பெரிய குறையும் அங்கேதான் தொடங்குகிறது. ஆம்பூர்ப் பக்கம் காலணி செய்யும் ஒருவர், ஜூபாவில் உள்ள ஒரு 'பாதுகாவலர் நிறுவனம்' கணுக்காலுக்கு மேல் உயர்ந்த கறுப்புத் தோல் பூட்சுகள் நாலாயிரம் ஜோடி கேட்கிறது என்று வந்தார். வாங்குபவரின் பெயர், இயக்குநர்களின் பெயர்கள், பணம் செலுத்துபவரின் பெயர் என எல்லாவற்றையும் பட்டியலில் தேடினேன்; ஒன்றும் ஒத்துப்போகவில்லை. பல அலுவலகங்களில் வேலை இத்தோடு முடிந்து, கோப்பில் 'சரி' என்ற முத்திரை விழுந்துவிடும். ஆனால் தடை ஆட்கள் மீது மட்டும் இல்லை. 2428ஆம் தீர்மானத்தின் நான்காவது பத்தி துப்பாக்கி, தோட்டாக்களோடு இராணுவ வாகனங்கள், துணைப்படைக் கருவிகள், அவற்றின் உதிரிப் பாகங்கள், பயிற்சி, நிதியுதவி வரை தென் சூடானின் நிலப்பரப்பு முழுவதற்கும் தடுக்கிறது. நாலாயிரம் ஜோடி பூட்சுகள் பாதுகாவலர் கால்களுக்கா, படைவீரர் கால்களுக்கா என்பதைப் பெயர்ப் பட்டியலிடம் கேட்க முடியாது. இறுதிப் பயனாளர் யார் என்று எழுத்தில் கேட்டோம். அந்தக் கடிதம் வரவே இல்லை, சரக்கும் போகவில்லை. காலணிக்காரருக்கு என் மேல் இன்னும் வருத்தம் உண்டு.

சரி, நடப்பில் உள்ள விதி என்ன என்று தெரிந்துகொள்ள ஒருவர் எங்கே போவார்? 2025 மே 30 அன்று நிறைவேறிய 2781ஆம் தீர்மானத்தைத் திறந்தால், 2018ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் நான்காவது பத்தி 2026 மே 31 வரை நீடிக்கும் என்று மட்டும் இருக்கும். உடனே 2428ஐத் திறக்க வேண்டும். அதில் விலக்குகளைக் கண்டு நிம்மதி அடைவதற்குள், 2023 மே மாதத்தின் 2683ஆம் தீர்மானம் அவற்றில் ஒன்றை மாற்றியிருப்பது நினைவுக்கு வரும்: 2018ஆம் ஆண்டு அமைதி ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காக மட்டும் அனுப்பப்படும், உயிர்ப்பறிக்காத இராணுவத் தளவாடங்களுக்கு முன்னறிவிப்பு தர வேண்டிய தேவை அதோடு நீங்கிவிட்டது. பயணத் தடைக்கும் சொத்து முடக்கத்துக்கும் 2015க்கே திரும்ப வேண்டும். வீடு வாங்கப் போனவன் மூலப்பத்திரம், அதற்கு மூலப்பத்திரம் என்று பின்னோக்கிப் போவது போன்ற வேலை இது. குழுவின் பக்கத்தில் நல்லதொரு சுருக்க அட்டவணை உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் சுருக்கத்தை நம்பி யாரும் சரக்கேற்ற முடியாது. திருத்தங்கள் எல்லாவற்றையும் உரிய இடத்தில் சேர்த்து, இன்றைய தேதியில் செல்லுபடியாகும் ஒரே வாசகமாகத் தரும் பிரதி வேண்டும். உள்நாட்டுச் சட்டங்களுக்கு நாம் நாள்தோறும் எதிர்பார்க்கும் அந்த எளிய வசதியை, உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் ஒரு விதிக்கு எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

மனிதநேய உதவி விஷயத்திலும் இதே கதைதான். 2022 டிசம்பரில் வந்த 2664ஆம் தீர்மானம், ஐ.நா. அமைப்புகளும் மனிதநேய நிறுவனங்களும் உதவிப் பணிக்காகச் செய்யும் பணப் பரிமாற்றம் சொத்து முடக்கத்தை மீறியதாகாது என்று எல்லாத் தடை ஏற்பாடுகளுக்கும் பொதுவாக அறிவித்தது. அந்த மாதம் அவைத் தலைமையில் இருந்த இந்தியா மட்டும் அதற்கு வாக்களிக்காமல் நின்றது. அந்த விலக்கைத் தென் சூடான் பக்கத்துக்கு முதல்முறை வரும் ஒரு குமாஸ்தாவின் கண்ணில் முதலிலேயே படும்படி வைத்திருக்க வேண்டாமா?

நிபுணர் அறிக்கைகளுக்கு மட்டும் நான் முழு மதிப்பெண் தருவேன். ஐந்து பேர் கொண்ட குழு, டிசம்பர் வாக்கில் ஓர் இடைக்கால அறிக்கையும் மே மாதம் புதுப்பிப்புக்கு முன்னால் ஓர் இறுதி அறிக்கையும் தருகிறது. ஆயுதங்கள் வந்த வழி, எண்ணெய் வருமானம் போன வழி, எந்தத் தளபதி எந்த ஊரில் என்ன செய்தார் என்பதெல்லாம் செய்தித்தாளில் கிடைக்காத நுணுக்கத்தோடு அதில் கிடைக்கும். உரை வறண்டது, ஆனால் ஜூபாவில் வாங்குபவர் யார், அவருக்குப் பின்னால் யார் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது அதுதான். அறிக்கைகள் ஐ.நா.வின் ஆறு ஆட்சிமொழிகளில் வருகின்றன. நம் பக்கத்து ஏற்றுமதியாளர் ஆங்கிலத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

அறிக்கைகள் இவ்வளவு உயிர்ப்போடு இருக்க, பட்டியல் உறைந்து கிடப்பதே எனக்கு விளங்காத புதிர். 2015 ஜூலை 1 அன்று அரசுத் தரப்பில் மூவர், எதிர்த்தரப்பில் மூவர் என ஆறு பேர் சேர்க்கப்பட்டார்கள். 2018இல் இருவர் சேர்ந்து எட்டாயிற்று. அதன் பிறகு 2025 மே புதுப்பிப்பு வரை புதிதாக ஒரு பெயரும் சேரவில்லை. இடைப்பட்ட காலத்தில் 2018 செப்டம்பரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது, தேர்தல் திரும்பத் திரும்பத் தள்ளிப்போய் 2026 டிசம்பருக்கு வந்து நிற்கிறது, 2025 மார்ச்சில் நாசிர் நகரில் மோதல் வெடித்து, படைவீரர்களை மீட்கப் போன ஐ.நா. ஹெலிகாப்டர் தாக்கப்பட்டது, அதே மாத இறுதியில் மச்சார் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். இத்தனைக்கும் பிறகு பட்டியலைத் திறந்தால் பழைய எட்டுப் பெயர்கள்.

இதற்கான விடை வாக்கு எண்ணிக்கையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. 2021இல் பதின்மூன்று வாக்குகளோடு போன புதுப்பிப்பு, 2022இலும் 2023இலும் பத்தாக இறங்கி, 2024இலும் 2025இலும் ஒன்பதில் நின்றது. 2021இல் விலகி நின்ற இரண்டு நாடுகளில் ஒன்று இந்தியா, மற்றொன்று கென்யா. 2025இல் ரஷ்யா, சீனா, பாகிஸ்தான், அல்ஜீரியா, சியரா லியோன், சோமாலியா என்று ஆறு நாடுகள் ஆதரவு தரவில்லை. ஒப்பந்தப்படி ஒருங்கிணைக்க வேண்டிய படைக்குக் கருவிகள் தேவை, தடை அதற்குக் குறுக்கே நிற்கிறது என்பது ஒரு தரப்பு. ஆயுதம் பெருகினால் ஒப்பந்தமே மிஞ்சாது என்பது மறுதரப்பு. படைச் சீரமைப்பு, ஆயுதக் கிடங்குப் பராமரிப்பு உள்ளிட்ட ஐந்து இலக்குகளை 2021ஆம் ஆண்டுத் தீர்மானம் வகுத்துக் கொடுத்தும், அந்த வழக்கு தீரவில்லை. தடை உயிரோடு இருப்பதற்கே ஒன்பதாவது வாக்கைத் தேட வேண்டியிருக்கும்போது, புதுப் பெயர் ஒன்றைச் சேர்க்கக் குழு உறுப்பினர் அனைவரின் ஒப்புதலும் எங்கிருந்து வரும்?

ஐந்துக்கு மூன்று என்பது என் மதிப்பெண்: பட்டியலின் துல்லியத்துக்கு ஒன்று, அறிக்கைகளுக்கு இரண்டு. பெயர் மட்டும் பார்க்க வேண்டிய வங்கி ஊழியருக்கு இது போதும். பூட்ஸ், ட்ரோன், வாகன உதிரிப் பாகம், சீருடைத் துணி என்று அனுப்புபவர்கள் பட்டியலோடு நிற்காமல் 2206, 2428, 2683, 2781 ஆகிய நான்கையும் அச்செடுத்து வரிசையாகக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். என் மேசையில் அவை ஒரே கிளிப்பில் இருக்கின்றன; மேலே ஒட்டிய சிறு தாளில் '2026 மே 31' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.