டென்ட்டை விரித்துக் காட்டாத கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

லீவு கிடைத்தால் ஆறேழு பேராகச் சேர்ந்து மலைக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கலாம் என்று நினைக்கிற கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் சாமான் எடுக்கப் போங்கள்.

பொங்கல் லீவுக்கு நாங்கள் ஆறு பேர் கிளம்பினோம். பனியன் கம்பெனி நண்பர்கள் நான்கு பேர், என் சித்தி மகள், அவள் வீட்டுக்காரர். நீலகிரியில் எமரால்டு பக்கம் தெரிந்தவருடைய காரட் தோட்டத்தில் இரண்டு ராத்திரி தங்குவதாகத் திட்டம். பஸ்ஸை விட்டு இறங்கி மூட்டையோடு நடக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் பங்கு பிரித்தோம். ஒரு டென்ட்டின் துணி ஒருவருக்கு, அதன் கம்பிகள் இன்னொருவருக்கு, அடுப்பு ஒருவருக்கு, பாத்திரம் ஒருவருக்கு. கம்பெனியில் அட்டைப்பெட்டி எடை போடும் தராசில் ஒவ்வொரு பையையும் ஏற்றிப் பார்த்தோம். ஒன்றும் 11 கிலோவைத் தாண்டவில்லை.

சாமான் எடுத்தது கோவையில் ஒரு வாடகைக் கடையில். மூன்று டென்ட், ஆறு ஸ்லீப்பிங் பேக், இரண்டு கேஸ் அடுப்பு. வாடகை 5,400 ரூபாய், அட்வான்ஸ் 8,000. ஒரு டென்ட்டைப் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். “பிரிச்சா மறுபடி பைக்குள்ள போகாதுங் தம்பி, எல்லாமே பக்காவா இருக்குதுங்” என்றார் கடைக்காரர். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். சரி என்று ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டேன். பில் கேட்டதற்கு, திருப்பிக் கொடுக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்றார். இந்த இரண்டு இடத்திலும் நான் விடாமல் நின்றிருக்க வேண்டும். துணியை விரித்துப் பார்த்து பாஸ் பண்ணுவதுதான் என் வேலையே.

தோட்டத்தில் போய் உறையை அவிழ்த்ததுமே புளித்த வாடை. மேல்விரிப்பின் உட்பக்கம் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. விரலால் தேய்த்தால் பூச்சு பொடுகு மாதிரி உதிர்ந்தது. தண்ணீர் புகாமலிருக்க அந்தத் துணிக்குப் பாலியூரித்தேன் பூச்சு கொடுப்பார்கள். ஈரத்தோடு மடித்து மாதக்கணக்கில் வைத்தால் அது இப்படித்தான் மக்கி உரியும், அதற்கு மேல் சரிசெய்ய முடியாது. தையல் மேல் ஒட்டியிருந்த டேப் பாதி இடத்தில் தொங்கியது. ஒரு கம்பியின் உள்ளே ஓடும் எலாஸ்டிக் அறுந்து, துண்டுகள் தனித்தனியாக விழுந்தன. கண்ணாடி இழைக் கம்பி பிளந்திருந்ததில் மாப்பிள்ளை கையில் சிராய் ஏறிவிட்டது.

ராத்திரிதான் கொடுமை. தை மாதம் அந்தப் பக்கம் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். ஸ்லீப்பிங் பேக்கில் ‘0 டிகிரி’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. முறையாகச் சோதித்த பையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலை தனித்தனியாக இருக்கும். நாம் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட், அதாவது குளிராமல் தூங்கக்கூடிய அளவு, மட்டும்தான். எக்ஸ்ட்ரீம் என்பது உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவு, தூங்குகிற அளவல்ல. எங்கள் பையில் ஒரே ஒரு எண்தான், அது எதைக் குறிக்கிறது என்றே இல்லை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். உள்ளே இருந்த பஞ்சு மூலைக்கு மூலை திரண்டுபோய், நடுவில் இரண்டு துணி மட்டும்தான் இருந்தது. இரண்டு மணிக்கு மேல் ஒருவரும் தூங்கவில்லை. சித்தி மகளுக்குப் பல் கிட்டிப்போய்ப் பேச்சே வரவில்லை. அவள் காலை என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு டம்ளர் சுடுதண்ணியாவது வைக்கலாம் என்றால் அடுப்பு எரியவில்லை. கடைக்காரர் கொடுத்திருந்தது வெறும் பியூட்டேன் குப்பி. பியூட்டேன் கொதிப்பதே மைனஸ் 0.5 டிகிரியில். உறைபனிக் குளிரில் குப்பிக்குள் கேஸ் எழும்பவே எழும்பாது. ஐசோபியூட்டேனும் புரோபேனும் கலந்த குப்பிதான் அங்கே வேலை செய்யும். எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் வாங்கினோம். கடைசியில் தோட்டத்து அக்கா கதவைத் திறந்து எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு, கம்பளியும் காபியும் கொடுத்தார். இரண்டாம் ராத்திரி தங்காமல் திரும்பிவிட்டோம்.

சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போனால், மேல்விரிப்பு கிழிந்திருக்கிறது, கம்பி உடைந்திருக்கிறது என்று அட்வான்ஸில் 3,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். “அது நீங்க பண்ணினதுதானுங்” என்றார். கடையிலேயே எடுத்த போட்டோ என்றால் அவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அதனால் டென்ட்டைக் கடை வாசலிலேயே நிறுத்தச் சொல்லி, கம்பி, தையல், ஜிப் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வராவிட்டால் திருப்பூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரில் வழக்குப் போடலாம். பில் இல்லையென்றாலும் ஜிபே ரசீது கையில் இருக்கிறது.

திருப்பூரிலிருந்து யாராவது இப்படிச் சாமான் எடுக்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதான், கூட வந்து துணியையும் தையலையும் பார்த்துத் தருகிறேன்.