டாப்500: பரீட்சைக்கு வராதவர்களைக் காட்டாத மார்க் ஷீட்

உலகின் வேகமான கணினிகளை வரிசைப்படுத்தும் டாப்500-ன் 2025 ஜூன் பட்டியல் வந்த வாரம். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் போனை நீட்டிக்கொண்டே லேப்புக்குள் வந்தான். "மேடம், சைனா அவ்ளோதானா? ஐநூறுல ஐம்பது மெஷின்கூட இல்லையே!"

கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் பேரலல் கம்ப்யூட்டிங் (ஒரே கணக்கைப் பல சிப்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் போடும் கலை) நடத்துகிறேன். பதினேழு வருஷமாக, ஜூனிலும் நவம்பரிலும் டாப்500 இணையதளத்தைத் திறக்காமல் விட்டதில்லை. ஏஐ போட்டியில் எந்த நாடு எங்கே நிற்கிறது என்று பார்க்க இப்போது பலரும் இந்தத் தளத்துக்கு வருகிறார்கள். அந்த வேலைக்கு இது எவ்வளவு தேறும் என்பதைத்தான் எழுதப்போகிறேன். பையன் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதிலும் இதில் பாதி இருக்கும்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். 1993 ஜூனில் ஜெர்மனியின் மன்ஹைமில் தொடங்கிய பட்டியல். உலகின் வேகமான 500 கணினிகள், வருஷத்துக்கு இரண்டு தடவை. ஜூனில் ஜெர்மனியில் நடக்கும் மாநாட்டிலும் நவம்பரில் அமெரிக்காவில் நடக்கும் மாநாட்டிலும் வெளியாகும். காசு கிடையாது. 1993 முதல் எல்லாப் பட்டியலும் அப்படியே கிடைக்கிறது. எனக்கு இந்தத் தளத்தில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

ஒரு வரியைப் படித்துக் காட்டுகிறேன். 2024 நவம்பர், முதலிடம்: எல் கேப்பிட்டன், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம், அமெரிக்கா. கோர், அதாவது சிப்களுக்குள் கணக்குப் போடும் அலகுகள், 1,10,39,616. ஆர்மேக்ஸ் 1,742 பெட்டாஃப்ளாப்ஸ், அதாவது ஓட்டிப் பார்த்து வந்த வேகம். ஆர்பீக் 2,746, காகிதத்தில் கணக்குப் போட்டால் வரவேண்டிய வேகம். ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்கு; டெராஃப்ளாப்ஸ் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கிகாஃப்ளாப்ஸ் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைசிக் கட்டத்தில் மின்சாரம், 29,581 கிலோவாட். ஒரு கணினிக்கு முப்பது மெகாவாட்! இத்தனையும் ஒரே வரியில், விளம்பர வாசனை இல்லாமல் வந்துவிடுகிறது.

ஓட்டிப் பார்ப்பது என்றால் லின்பேக். ஒரு பிரம்மாண்டமான சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். 2014-ல் எங்கள் லேப்பின் எட்டு சர்வர்களிலும் ஓட்டினோம். அமைப்புக் கோப்பில் என், என்பி, பி, க்யூ என்று எண்கள் கொடுக்க வேண்டும். சமன்பாடுகளின் எண்ணிக்கையான என்-ஐ ஆசைப்பட்டுக் கூட்டினால் மெமரி நிரம்பி எல்லாம் டிஸ்க்குக்குப் போய்ப் படுத்துவிடும். குறைத்தால் வேகம் வராது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏசி நின்று, லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வீட்டிலிருந்து டேபிள் ஃபேன் தூக்கிவந்து ரேக் முன்னால் வைத்தார். விடிகாலையில் வந்த எண் ஒண்ணரை டெராஃப்ளாப்ஸ் சொச்சம். 1993-ல் முதலிடம் பிடித்த லாஸ் அலமோஸ் கணினி 59.7 கிகாஃப்ளாப்ஸ்தான். அதைவிட இருபத்தைந்து மடங்கு. அன்றைக்கு எல்லாருக்கும் அன்னபூர்ணாவில் காபி வாங்கிக் கொடுத்தேன்.

சரி, சீனாவுக்கு வருவோம். பழைய பட்டியல்களை வரிசையாகத் திறந்து வைத்தால் ஒரு தொடர்கதையே இருக்கிறது. 2010 நவம்பரில் தியான்ஹே-1ஏ முதலிடம். உள்ளே இன்டெல், என்விடியா சிப்கள். 2013 ஜூனில் தியான்ஹே-2, இன்டெல் சிப்களோடு, ஆறு பட்டியல்களுக்கு அசையாமல் உட்கார்ந்தது. 2015-ல் அமெரிக்கா நான்கு சீன மையங்களைத் தடைப்பட்டியலில் (உரிமம் இல்லாமல் அமெரிக்க சிப்களை விற்கக் கூடாதவர்கள் பட்டியல்) சேர்த்தது. தியான்ஹே-2-ஐ மேம்படுத்த வேண்டிய இன்டெல் சிப்கள் போகவில்லை. அடுத்த வருஷம் ஜூன் பட்டியலைத் திறந்தால் சீனாவின் வூஷி நகரிலிருந்து சன்வே தாய்ஹூலைட், 93 பெட்டாஃப்ளாப்ஸ், சீனாவே வடிவமைத்த சிப்போடு முதலிடத்தில் நிற்கிறது. 2018-ல் தியான்ஹே-2-ம் இன்டெல் துணைச்சிப்களைக் கழற்றிவிட்டு உள்நாட்டு மேட்ரிக்ஸ்-2000 சிப்களை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தது. தடை போட்டதும் அதன் பலனும் ஒரே அட்டவணையில், தேதியோடு.

2019 நவம்பரில் சீனாவுக்கு 228 இடம், அமெரிக்காவுக்கு 117. பத்திரிகைகள் அந்த எண்ணிக்கையை வைத்து நிறைய எழுதின. ஆனால் புள்ளிவிவரப் பக்கத்தில் 'எண்ணிக்கைப் பங்கு', 'வேகப் பங்கு' என்று இரண்டு வட்ட வரைபடங்கள் உண்டு. இரண்டாவதைப் பார்த்தால் அப்போதும் அமெரிக்காதான் முன்னால். சீன வரிகளில் பலவற்றில் உரிமையாளர் பெயர்கூட இருக்காது, வெறும் 'இன்டர்நெட் நிறுவனம்' என்றிருக்கும். வலைத்தள சர்வர்களில் ஒரு நாள் லின்பேக் ஓட்டி எண்ணிக்கையை ஏற்றிய கதை அது. தளத்தின் முகப்பில் இந்த எச்சரிக்கையைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம். போடவில்லை.

அதற்குப் பிறகு சீனா பெரிய கணினிகளின் கணக்கைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. 2021-ல் வூஷி உள்ளிட்ட மையங்கள் மேலும் தடைப்பட்டியலில் ஏறின. அமெரிக்காவின் 2022 அக்டோபர் ஏற்றுமதி விதியில் 'சூப்பர்கம்ப்யூட்டர்' என்பதற்கே அளவு வைத்தார்கள்: 41,600 கன அடிக்குள் 100 பெட்டாஃப்ளாப்ஸ், அதுவும் 64 பிட் கணக்கில், அதாவது அதிகத் துல்லியத்தில். இப்படி அளவுகோல் வைத்துக்கொண்டு எதிராளி காத்திருக்கும்போது யார் தானாகப் போய் மார்க்கைச் சொல்வார்கள்? புதிய சன்வே கணினி ஒன்று இருப்பது வெளியே தெரிந்ததே ஆராய்ச்சிக் கட்டுரை வழியாகத்தான். 2021-ல் அதில் ஓட்டிய குவாண்டம் உருவகக் கணக்குக்கு சூப்பர்கம்ப்யூட்டிங்கின் பெரிய விருதான கோர்டன் பெல் பரிசே கிடைத்தது. பட்டியலில் அந்தக் கணினி இல்லை.

பையனிடம் நான் சொன்னது இதுதான்: "அவன் ஃபெயில் ஆகலடா. ஆப்சென்ட்."

இன்னொரு ஆப்சென்ட், அமெரிக்காவிலேயே. மெம்ஃபிஸ் நகரில் எலான் மஸ்க்கின் எக்ஸ்ஏஐ நிறுவனம் 2024-ல் என்விடியாவின் ஒரு லட்சம் ஹெச்100 சிப்களோடு கட்டிய கொலோசஸ் என்ற கணினி பட்டியலில் கிடையாது. மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பரில் ஈகிள் என்று ஒன்றைக் கொடுத்து மூன்றாமிடம் வாங்கியது, ஆனால் அந்த வரியில் மின்சாரக் கட்டம் காலி. இவர்களுக்கு ஒரு நாள் வேலையை நிறுத்தி லின்பேக் ஓட்டுவது நஷ்டம். போதாததற்கு அளவுகோலும் பொருந்துவதில்லை. லின்பேக் கேட்பது 64 பிட் துல்லியம். ஏஐ மாடல்களைப் பயிற்றுவிப்பது 16 பிட்டிலும் 8 பிட்டிலும். ஒரே ஹெச்100 சிப் 64 பிட்டில் 67 டெராஃப்ளாப்ஸ், 8 பிட்டில் ஏறக்குறைய 2,000. தங்கம் நிறுக்கும் தராசில் சிமென்ட் மூட்டையை வைக்கிற மாதிரி. கலப்புத் துல்லியத்துக்கு ஹெச்பிஎல்-எம்எக்ஸ்பி என்று தனிப்பட்டியல் உண்டு, அதில் பங்கெடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நாடுகளின் ஒத்துழைப்பைப் பார்க்க வேண்டுமானால் ஐரோப்பிய வரிகளைப் படியுங்கள். பின்லாந்தின் கயானியில் பழைய காகித ஆலையில் இருக்கும் லூமி கணினி, பத்து நாடுகள் கூட்டுச் சீட்டு போட்டு வாங்கியது. அதன் சூட்டில் ஊருக்கு வெந்நீர் போகிறது. ஜெர்மனியின் யூலிக்கில் உள்ள ஜூபிட்டருக்குப் பாதிப் பணம் ஐரோப்பியக் கூட்டமைப்புடையது. ஆனால் நாடு என்ற கட்டத்தில் ஜூபிட்டருக்கு 'ஜெர்மனி' மட்டும்தான். கூட்டாளி நாடுகளுக்குத் தனிக் கட்டம் இல்லை.

நம் ஊர் நிலவரம் கொஞ்சம் வருத்தம். 2007 நவம்பரில் புனேயின் ஏகா கணினி நான்காமிடம். 2023 ஜூனில் அதே ஊரின் ஐராவத் 75-ஆம் இடம். அமெரிக்கா தன் கிரே சூப்பர்கம்ப்யூட்டரைத் தர மறுத்த கோபத்தில் 1991-ல் பரம் 8000 என்ற சூப்பர்கம்ப்யூட்டரைச் செய்த ஊர் அது. இப்போது அரசு ஏஐ திட்டத்தில் மணிக்கு 65 ரூபாய்க்குத் தரும் ஜிபியுக்கள் (ஏஐ கணக்குக்கான சிப்கள்) பல தனியார் நிறுவனங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே கணினியாக நிற்காததால் இங்கே தெரியாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பழைய கணக்குக்கு ஐந்து, ஏஐ கணக்குக்கு இரண்டு. எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், செய்தித் தலைப்புகளை நம்பாமல் அதை வைத்து நீங்களே வரிசைப்படுத்திப் பாருங்கள்.

அந்தப் பையனுக்கும் அதையே அசைன்மென்ட்டாகக் கொடுத்தேன். முதல் பத்து கணினிகள், கூடுதலாக ஒரு கட்டம்: 'முக்கிய சிப் எங்கே தயாரானது?' நாடு என்ற கட்டத்தில் அமெரிக்கா, ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், சுவிட்சர்லாந்து, பின்லாந்து என்று ஆறு நாடுகள். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தான். புதுக் கட்டத்தில் முதல் வரியில் 'தைவான்'. கீழே எட்டு வரிக்கு மேற்படி குறி. இன்டெல் சிப் உள்ள அமெரிக்காவின் அரோரா கணினிக்கு மட்டும் 'தைவான் பாதி' என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.