மிச்சமான வேலையை ஆப் என்ன பண்ணுது? டூ-டூ லிஸ்ட் ஆப்களும் ஒரு நோட்டும், ஒரு ஒப்பீடு

டூ-டூ ஆப் எது நல்லதுன்னு யார் கேட்டாலும் வர்ற பதில் பெரும்பாலும் ஃபீச்சர் பட்டியலாத்தான் இருக்கு, இதுல காலண்டர் இருக்கு, அதுல டார்க் மோட் இருக்கு, இது ஃப்ரீ, அது காசுன்னு. அதெல்லாம் முதல் வாரத்துக்குத்தான் பெருசாத் தெரியும். வேலையை எழுதி வைக்கிறதுல எல்லா ஆப்பும் ஒண்ணுதான், டிக் அடிச்சா கோடு விழுறதும் ஒண்ணுதான். வித்தியாசம் தெரியுறது ராத்திரி பத்து மணிக்கு, எழுதுன எட்டு வேலைல மூணு முடியாம கிடக்கும்போது. அந்த மூணை ஆப் என்ன பண்ணுது? செவப்புல காட்டுதா, கண்ணுல படாம எடுத்துடுதா, இல்ல நம்ம கையாலேயே திரும்ப எழுத வைக்குதா? என்னைப் பொறுத்தவரை எதைத் தேர்ந்தெடுக்கணும்னு முடிவு பண்ண இந்த ஒரு கேள்வி போதும்.

நம்மள்ல நிறைய பேர் யூஸ் பண்றது எந்த டூ-டூ ஆப்பும் கிடையாது, வாட்ஸ்அப்ல தனக்குத்தானே மெசேஜ் போட்டுக்கிறதுதான். 2022 கடைசில இதுக்குன்னே வசதி வந்துச்சு, அதுக்கு முன்னாடியே தான் மட்டும் இருக்குற குரூப் ஒண்ணு வச்சு சமாளிச்சவங்க உண்டு. சட்டுனு போட்டு வைக்க இதை அடிச்சுக்க ஆளே இல்ல. மாத்திரை அட்டையை போட்டோ எடுத்துப் போடலாம், வண்டியை ஓரமா நிறுத்திட்டு வாய்ஸ் நோட் போடலாம். ஆனா மிச்சமான வேலை என்ன ஆகுதுன்னு பாத்தா, அது அப்படியே மேல போயிடுது. நேத்து போட்டது இன்னைக்குப் போட்டதுக்கு மேல, போன வாரம் போட்டது கண்ணுலயே படாத தூரத்துல. முடிஞ்சது எது முடியாதது எதுன்னு பிரிக்க வழி இல்ல. அதனால இது வேலை வந்து விழற இடமா இருக்கட்டும், வேலை தங்குற இடமா வச்சுக்க வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் டூ டூ ஃப்ரீ, இதோட கதை கொஞ்சம் சொல்லணும். பெர்லின்ல இருந்து வந்த வுண்டர்லிஸ்ட்டுங்கிற ஆப்பை 2015ல மைக்ரோசாஃப்ட் வாங்குச்சு, 2017ல டூ டூவைக் கொண்டு வந்துச்சு, 2020 மே மாசம் வுண்டர்லிஸ்ட்டை மூடிடுச்சு. இந்த ஆப்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது மை டேங்கிற பக்கம். நடு ராத்திரி ஆனதும் அது தானா காலியாயிடும். வேலை அழிஞ்சு போகாது, அதோட சொந்த லிஸ்ட்ல பத்திரமா இருக்கும், இன்னைக்குங்கிற பக்கத்துல இருந்து மட்டும் இறங்கிடும். காலைல திறந்தா வெறும் பக்கம், சஜஷன்ஸ்ல தட்டினா நேத்து மிச்சமானது, தேதி வந்தது எல்லாம் வரிசையா நிக்கும், அதுல இன்னைக்கு எதைச் செய்யப் போறோமோ அதை மட்டும் நாமளா எடுத்துப் போடணும். காலைல காபியோட அஞ்சு நிமிஷம் இதுக்கு உட்கார முடியுறவங்களுக்கு இதை விட நல்ல ஃப்ரீ ஆப் எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஏன்னா நேத்தைய பாரம் இன்னைக்குத் தலைல தானா ஏறாது, நாமளா தூக்கினாத்தான் உண்டு. ஆனா காலைல உட்காரவே முடியாத வீடுகள் இருக்கு, புள்ளைங்களை ஸ்கூலுக்குக் கிளப்பணும், டிபன் கட்டணும், பஸ்ஸைப் பிடிக்கணும்னு ஓடுறவங்க மை டேவைத் திறக்காமலே விட்டா தேதி போடாத வேலையெல்லாம் லிஸ்ட்டுக்குள்ளேயே தூங்கிடும்.

டூடூயிஸ்ட் இதுக்கு நேர் எதிர், எதையும் மறைக்காது. தேதி தாண்டின வேலை எல்லாம் டுடே பக்கத்துல மேலேயே ஓவர்டியூ, அதாவது கெடு தாண்டினதுன்னு நிக்கும். மூணு நாலு இருந்தா நல்லது, உறுத்தும், செஞ்சு முடிப்போம். ரெண்டு வாரம் உடம்பு சரியில்லாம படுத்து எழுந்திரிச்சு திறந்தா நீளமா ஒரு பட்டியல் நிக்கும் பாருங்க, அதைப் பாத்ததும் ஆப்பையே மூடிடத் தோணும். பக்கத்துலேயே ரீஷெட்யூல்னு ஒரு பட்டன், அதைத் தட்டி ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தா மொத்தமும் அந்தத் தேதிக்குப் போயிடும். எனக்கு இதுலதான் ஒப்புதல் இல்ல. இருபது வேலையையும் மொத்தமாத் தள்ள முடிஞ்சா அந்த இருபதுல எது வேண்டாதது, எது இன்னைக்கே செய்ய வேண்டியதுன்னு யோசிக்கிற இடமே இல்லாம போயிடுது.

அப்புறம் ஏன் டூடூயிஸ்ட்டை விட மனசு வரலைன்னா, திரும்பத் திரும்ப வர்ற வேலையை இது கையாளுற விதம். தேதியை டைப் பண்ணியே சொல்லலாம் (இங்கிலீஷ்ல சொல்லணும், நாளைக்குன்னு தமிழ்ல போட்டா புரியாது). எவ்ரி த்ரீ மன்த்ஸ்னு போட்டா காலண்டர் படி மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரும். எவ்ரிக்குப் பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி போட்டா, நீங்க வேலையை முடிச்ச நாள்ல இருந்து மூணு மாசம்னு கணக்கு மாறும். பைக் சர்வீஸை எடுத்துக்கோங்க. ஜனவரி 1 விட வேண்டியதை 25ம் தேதிதான் விட்டீங்க, அடுத்தது ஏப்ரல் 1 இல்ல, ஏப்ரல் 25தான், அதுக்கு ஆச்சரியக்குறி வேணும். வாட்டர் ஃபில்டர் மாத்துறது, தலைகாணி உறை துவைக்கிறது எல்லாம் இந்த வகை. ஆனா சொத்து வரி அப்படி இல்ல, சென்னை மாநகராட்சில அரையாண்டுக்கு ஒரு தடவை, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் முதல் 30 நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும், நீங்க போன தடவை எப்ப கட்டினீங்கன்னு அதுக்குக் கவலை இல்ல, அதுக்கு ஆச்சரியக்குறி போடவே கூடாது. வீட்டு வேலைல பாதி குழப்பம் இந்த ரெண்டு வகையையும் ஒண்ணா வைக்கிறதுலதான் வருது. டிக்டிக்ங்கிற இன்னொரு ஆப்லயும் முடிச்ச நாள்ல இருந்து எண்ணுற வசதி உண்டு, கூடவே 25 நிமிஷம் வேலை, அப்புறம் சின்ன இடைவேளைன்னு எண்ணுற போமோடோரோ டைமர், பழக்கம் கணக்கு வைக்கிற இடம்னு நிறைய, படிக்கிற பசங்களுக்குப் பிடிக்கும்.

டூடூயிஸ்ட் ஃப்ரீ பிளான்ல அஞ்சு ப்ராஜெக்ட் (வேலையைப் பிரிச்சு வைக்கிற தனித்தனி லிஸ்ட்) வரைக்கும்தான். ஒரு குடும்பத்துக்கு அதுவே தாராளம்.

கூகுள் டாஸ்க்ஸ் 2018ல தனி ஆப்பா வந்தது, ரொம்ப எளிமை. இதோட பலம் காலண்டருக்குள்ளேயே வேலை தெரியுறது. மூணு மீட்டிங் இருக்குற நாள்ல ஆறு வேலை போட்டா இடம் இல்லைன்னு கண்ணுக்கே தெரிஞ்சிடும். மிச்சமானதை காலண்டர் இன்னைக்குத் தேதி மேல பெண்டிங்னு ஒரே வரில சுருட்டி வச்சிடும், அந்த ஒரு வரியைத் தட்டிப் பாக்குறவங்க எத்தனை பேர்? நாள் முழுக்க காலண்டரைத் திறந்து வச்சு வேலை பாக்குறவங்களுக்கு சரி, மத்தவங்களுக்கு அந்த வரி சுவத்துல ஒட்டின பழைய நோட்டீஸ் மாதிரி ஆயிடும். வீட்ல இன்னொருத்தரோட லிஸ்ட்டைப் பகிர்ந்துக்கவும் இதுல வழி இல்ல.

பகிர்ந்துக்கணும்னா கூகுளோட குறிப்பு எழுதுற ஆப்பான கீப் போதும். மாச மளிகை லிஸ்ட்டை டிக் பாக்ஸோட ஒரு தடவை போட்டு வீட்ல இருக்குறவங்களோட ஷேர் பண்ணிடுங்க, கடைல ஒருத்தர் டிக் அடிக்க அடிக்க இன்னொருத்தர் போன்ல தெரியும், துவரம்பருப்பை ரெண்டு பேரும் வாங்கிட்டு வர்ற கதை இருக்காது. அடுத்த மாசம் மெனுவுல எல்லா டிக்கையும் எடுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதே லிஸ்ட் புதுசா வந்துடும். தமிழ்ல வாயால சொல்லியே சேக்கலாங்கிறதால வயசானவங்களும் சேந்துக்கலாம்.

இப்ப நோட்டு. ரைடர் கேரல்ங்கிற அமெரிக்க டிசைனர் 2013ல வெளிய சொன்ன புல்லட் ஜர்னல் முறையைத்தான் சொல்றேன், இன்ஸ்டாகிராம்ல பூ வரைஞ்சு கலர் அடிச்சுக் காட்டுற வேலை இல்ல. ஒரு புள்ளி வச்சு வேலையை எழுதணும், முடிஞ்சா அதும்மேல பெருக்கல் குறி, முடியலைன்னா வலது பக்கம் பாத்த அம்புக்குறி போட்டு அடுத்த மாசப் பக்கத்துல திரும்பக் கையால எழுதணும். அவ்வளவுதான் விஷயம், அந்தத் திரும்ப எழுதுறதுலதான் எல்லாமே இருக்கு. ‘பேங்க்ல நாமினி பேர் மாத்தணும்’னு ஆகஸ்ட்ல எழுதி, செப்டம்பர்ல எழுதி, அக்டோபர்ல மூணாவது தடவை எழுதும்போது பேனா நின்னுடும். ஏன் முடியலைன்னு அப்பத்தான் யோசிப்போம், ஆதார் எந்த பீரோல இருக்குன்னே தெரியாதது காரணமா இருக்கும், எழுத வேண்டிய வேலை ‘ஆதாரைத் தேடு’ங்கிறதுதான்னு புரியும். ‘பழைய சிடி எல்லாம் பிரிச்சு அடுக்கணும்’ மாதிரி வேலையைத் திரும்ப எழுத கையே வராது, அதை அடிச்சிட்டுப் போயிடலாம். எந்த ஆப்பும் இப்படி நம்மள நிறுத்திக் கேக்காது.

2011ல மாசிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதுக்கு ரொம்பப் பொருந்தும். முடியாத வேலை வேற வேலை செய்யும்போது மனசுல குறுக்க குறுக்க வருது, ஆனா அதை எப்படி, எப்பச் செய்யப் போறோம்னு தெளிவாத் திட்டம் போட்டுட்டா, வேலை முடியாமலேயே அந்தத் தொந்தரவு குறைஞ்சுடுதுன்னு அவங்க காட்டினாங்க. அதனால எதுல எழுதினாலும் ‘பேங்க்’னு ஒத்தை வார்த்தையா எழுதாம ‘வெள்ளிக்கிழமை மதியம் பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துட்டு பேங்க்’னு எழுதுங்க.

நோட்டு மணி அடிக்காது, அதுதான் அதோட பெரிய குறை. அதனால தேதி தவறினா காசு போற வேலை, வண்டி இன்ஷூரன்ஸ், வரி, பிரீமியம் எல்லாம் போன்லயும், தேதி இல்லாத மத்ததெல்லாம் நோட்டுலயும் வைக்கிறதுதான் என் சிபாரிசு. போன்ல எதுன்னு கேட்டா, தானா ஞாபகப்படுத்தணும்னா டூடூயிஸ்ட், எல்லாமே ஃப்ரீயா வேணும், காலைல உட்காரவும் தயார்னா மைக்ரோசாஃப்ட் டூ டூ. நோட்டிஃபிகேஷன் ஒழுங்கா வருதான்னு முதல் நாளே ஒரு பத்து நிமிஷம் தள்ளி வச்சு சோதிச்சுப் பாருங்க, சில போன்கள் பேட்டரி மிச்சம் பண்றேன்னு ஆப்பைப் பின்னாடி தூங்க வச்சிடும், செட்டிங்ஸ்ல அந்த ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடணும். ஒரு ஆப்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறும்போது பழைய லிஸ்ட்டை முழுசா இம்போர்ட் பண்ணாதீங்க, வர்ற வாரத்துல தேதி இருக்குறதை மட்டும் புதுசா எழுதுங்க, மத்தது தேவைப்பட்டா பழைய ஆப்ல ஒரு மாசம் கிடக்கட்டும்.