சோல்பிடெம் கைவிட்ட பிறகு தூக்கம் எப்படித் திரும்பியது

சோல்பிடெம் 10 மில்லிகிராம் தூக்க மாத்திரையை நெடுநாள் போட்டவள் நான். தொடக்கத்தில் விழுங்கி அரை மணி நேரத்தில் கண் செருகிவிடும். போகப் போக, போட்ட பிறகும் நள்ளிரவு தாண்டிப் புரண்டுகொண்டிருந்தேன். அசந்தாலும் மூன்று மணிக்குக் கொட்டக் கொட்ட முழிப்பு.

இந்த மாத்திரை மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளில் வேலை செய்கிறது. தினமும் போட்டால் மூளை அதற்குப் பழகிவிடக்கூடும். உள்ளே போன மருந்தில் பாதி சுமார் இரண்டரை மணி நேரத்தில் வெளியேறிவிடும் என்பதால், விடிகாலை முழிப்புக்கு இது பெரிதாக உதவுவதும் இல்லை.

டோஸைக் கூட்டுவார்கள் என்று நினைத்துப் போனால், டாக்டர் குறைக்கச் சொன்னார். பெண்கள் உடம்பிலிருந்து இந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. 2013லேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பெண்களுக்கான தொடக்க டோஸை 5 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. அதே சமயம் ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது என்றார். திடீரென்று விட்டால் பழைய தூக்கமின்மை இன்னும் மோசமாகத் திரும்பும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். அவர் போட்டுக்கொடுத்த கணக்குப்படி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தேன். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் இரண்டு மூன்று இரவுகள் கஷ்டம், அப்புறம் உடம்பு ஏற்றுக்கொண்டது.

கூடவே சிபிடி-ஐ என்ற பேச்சு, பழக்க சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் சொன்னது. இதைப் பற்றி என்னிடம் ஏன் முதலிலேயே யாரும் பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதில் கடினமானதும் எனக்கு அதிகம் பலன் தந்ததும் படுக்கை நேரத்தைச் சுருக்குவதுதான். பத்து மணிக்கே படுத்து ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறேன் என்று நான் எழுதிவந்த தூக்க டைரியில் தெரிந்தது. அதனால் பன்னிரண்டு மணிக்கு முன் படுக்கக் கூடாது, ஐந்தரைக்கு எழுந்தே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் விலக்கில்லை. தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் உட்கார வேண்டும். பகல் தூக்கம் கிடையாது. முதல் வாரம் தலை சுற்றும் அளவுக்கு அசதி. வண்டியைத் தொடாமல் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன். ஆனால் அந்த அசதிதான் இரவில் தூக்கத்தை இழுத்து வந்தது. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூங்க ஆரம்பித்ததும் பதினைந்து நிமிடம் கூட்டினார்கள், பிறகு இன்னொரு பதினைந்து.

சாயங்கால காபியையும் விட்டேன். வெந்நீர்க் குளியல், பால், ஜாதிக்காய் எல்லாம் பார்த்தாயிற்று. இதமாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது மாத்திரை இல்லை. மனது பாரமாக இருக்கும் நாட்களில் தூக்கம் இன்னும் தள்ளிப் போகிறது, ஆனால் மறுநாளும் எழும் நேரத்தை மாற்றுவதில்லை.

வலிப்பு நோய், பைபோலார் என்ற மனநிலைக் கோளாறு இருப்பவர்களும் லாரி, பஸ் ஓட்டுபவர்களும் இந்தச் சுருக்கும் முறையை டாக்டர் இல்லாமல் தொடவே வேண்டாம். பலத்த குறட்டையோ, தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவதோ இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம், அதற்கான சிகிச்சையே வேறு.