குளிர் அங்கி: சென்னைக்கு எது, கரூருக்கு எது

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதைகிற நோய், என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. ஆதம்பாக்கத்தில் வீடு, மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். இந்த நோயின் சோர்வு தூங்கி எழுந்தால் போகிற ரகம் இல்லை. மே மாதம் அடுப்படியில் நின்று ரசம் தாளிப்பதற்குள் வலது கண் மங்கும், கையில் கரண்டி கனக்கும். ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கண் தெளியும். முதல் கோடையில் நோய் மறுபடி தாக்கிவிட்டது என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நரம்பு டாக்டர்தான் விளக்கினார். நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறை சிதைந்த இடத்தில், உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தி ஓடுவது தடுமாறும், சூடு இறங்கினால் பழையபடி ஓடும். உடம்பை வருத்தி வேலை செய்தால் இந்த நோயாளிகளுக்குக் கண் கொஞ்ச நேரம் மங்குவதை வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே எழுதி வைத்திருக்கிறார், சூடுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துத்தான் நோயைச் சோதிப்பார்களாம். நல்லவேளை, நான் தாமதமாகப் பிறந்தேன்.

சரி, உடம்புச் சூடு ஏறாமல் இருக்க மேலே போட்டுக்கொள்ளும் குளிர் அங்கிக்கு வருகிறேன். முதலில் வாங்கியது தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போடுகிற வகை, 2,500 ரூபாய். எடை இல்லை, ஃப்ரிட்ஜும் வேண்டாம். சென்னையில் போட்டுப் பார்த்தேன்: ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு புழுக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான் இதுவும், ஈரம் ஆவியானால்தான் குளிர்ச்சி. கடற்கரை ஊரின் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் எங்கே ஆவியாவது? அதே அங்கியை அக்னி நட்சத்திரத்தில் கரூரில் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனேன். அங்கே காய்ந்த காற்று. ஒரு மணி நேரம் பஸ் ஸ்டாண்டுக்கும் கடைவீதிக்கும் நடந்தேன், கண் மங்கவில்லை. விற்ற இணையக் கடை இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் எனக்குப் பணம் மிஞ்சியிருக்கும். திருப்பி எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன், பதிலே இல்லை.

இரண்டாவதாக வாங்கியது உறைகிற பொட்டலம் வைத்த அங்கி, 8,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பொட்டலம். உள்ளே இருப்பது ஐஸ் இல்லை, கிட்டத்தட்ட 15 டிகிரியில் உருகும் ஒரு பொருள். முழுவதும் உருகித் தீரும்வரை ஏறக்குறைய அதே குளிர்ச்சியில் நிற்கும், ஐஸ் மாதிரி தோலைச் சுடாது. புழுக்கம் இதை ஒன்றும் செய்வதில்லை. என் வீட்டில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்குகிறது.

குறை உண்டு. எடை இரண்டு கிலோ. காலையிலேயே களைத்திருக்கும் நாளில் அதைத் தோளில் ஏற்றுவதே ஒரு வேலை. மூன்றாம் மாதம் ஜிப் பல் விட்டது, தெருமுனைத் தையல்காரரிடம் வெல்க்ரோ வைத்துக்கொண்டேன், அதுதான் வசதி. பிறர் கண்ணுக்குத் தெரியாமல் வேலைக்குப் போட்டுப்போகலாம் என்று நினைக்காதீர்கள். எதிர்வீட்டு மாமி, "என்னடி, போலீஸ்ல சேர்ந்துட்டியா?" என்றார்.

அப்புறம், நான் செய்த தப்பு: களைத்த பிறகு போடுவது. அப்போது பாதிப் பலன்தான். இப்போது சமைக்கப் போவதற்கு இருபது நிமிடம் முன்பே போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சாம்பார், பொரியல் இரண்டும் முடித்து, மாலை டியூஷனுக்கும் தெம்பு மிஞ்சுகிறது. சூட்டினால் வரும் தளர்ச்சிக்குத்தான் இது. ஒரு காரணமும் இல்லாமல் எழும்போதே கூட வரும் சோர்வை இது தொடுவதே இல்லை, அந்த நாளில் ஹோட்டல் சாப்பாடுதான். குளிர் பட்டால் கால் இறுகுகிறவர்களும் எங்களில் உண்டு. அவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாம்.

இன்னொரு செட் பொட்டலம் வாங்கிவிட்டேன், ஒன்று உருகும்போது மற்றது உறையும். ஃப்ரீசரில் வஞ்சிரத்துக்கு இடம் இல்லை என்று மாமியாருக்குத்தான் வருத்தம். கரூர் அங்கியை அக்காவிடமே விட்டுவந்தேன், மாடியில் வற்றல் காயப்போடும்போது அவள் போட்டுக்கொள்கிறாளாம்.